எஞ்சின் பூட்டிய சைக்கிள்: கேஸுக்குள் உடைந்த மவுண்டிங் ஸ்டட்டை எடுப்பது எப்படி?

சைக்கிளில் பூட்டும் டூ ஸ்ட்ரோக் கிட் எஞ்சினை ஃப்ரேமோடு பிடித்து வைத்திருப்பவை நான்கே நான்கு ஸ்டட்கள் (இரு முனையிலும் மரை உள்ள கம்பி போன்ற போல்ட்). முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழைய எஞ்சின்களில் இவை எம்6 அளவு (6 மில்லிமீட்டர் விட்டம்), பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் எம்8. கிட்டோடு வரும் ஸ்டட்கள் மட்டமான இரும்பு. அதனால் ஒருநாள் இல்லை ஒருநாள் ஒன்று உடையும். உடைந்த துண்டின் விலை ஒன்றுமில்லை. ஆனால் அது மாட்டிக்கொண்டிருக்கும் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு, சுருக்கமாகக் கேஸ்) அலுமினியம். அதன் மரை போனால் எஞ்சினே போனமாதிரி. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் இரும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அலுமினியத்தைக் காப்பாற்றுங்கள்.

(80 சிசி என்று விற்கும் கிட்டும் உண்மையில் 66 சிசிதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் விலக்கு 25 சிசி வரை மட்டுமே. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் இந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள்

கையில் கிடைத்த பாதியைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மழமழவென்று, சில சமயம் பிறை பிறையாகக் கோடுகள் தெரிந்து, மீதி இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது அதிர்வில் உடைந்தது. நட் லூசாகி, எஞ்சின் ஆடி ஆடி, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கடைசியில் ஒடிந்திருக்கிறது. ஸ்டட் கழுத்து மெலிந்து, மரை முறுக்கினாற்போல் இழுபட்டிருந்தால் யாரோ ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள்.

இது எதற்கு? அதிர்வில் உடைந்த துண்டு உள்ளே பெரும்பாலும் இறுக்கமாக இருக்காது, சுலபமாக வந்துவிடும். முறுக்கி உடைந்ததோ, துருவில் இறுகியதோ அப்படி வராது. சென்னையில் திருவொற்றியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டியென்றால் இன்னும் சிரமம். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி கட்டி, மரையைப் பூட்டிவிடும்.

தேவையானவை

சென்டர் பஞ்ச், சின்ன சுத்தியல், மட்ட அரம், வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு), வேகம் குறைக்கக்கூடிய டிரில், வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி), ஹாட் ஏர் கன், துரு இளக்கும் ஸ்ப்ரே, கண்ணைக் காக்கும் கண்ணாடி. டிரில் பிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.5, 3, 4, 5 மில்லிமீட்டரில் கோபால்ட் பிட் வாங்குங்கள். எம்8 ஸ்டட் என்றால் 6.8 பிட்டும் வேண்டும். டேப் செட் (துவாரத்தில் மரை வெட்டும் கருவி) எம்6க்கு 1.0 பிட்ச் (மரைகளுக்கு இடையேயான தூரம், மில்லிமீட்டரில்), எம்8க்கு 1.25 பிட்ச். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் டூல்ஸ் கிடைக்கும். ஸ்டட், நட், வாஷருக்குப் புதுப்பேட்டை. பழைய ஸ்டட் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், வாயால் அளவு சொல்லி வாங்கினால் பிட்ச் மாறிப்போகும்.

எஞ்சினை இறக்குங்கள்

ஃப்ரேமில் வைத்தபடியே டிரில் போடலாம் என்று தோன்றும். வேண்டாம், டிரில் நேராக நிற்காது. பெட்ரோல் டேப்பை மூடி, டேங்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். பிளக் கேப், சிடிஐ (பிளக்குக்குப் பொறி தரும் பெட்டி) வயர், கார்புரேட்டர், கிளட்ச் கேபிள், செயின், சைலன்சர், பிறகு மிச்சமுள்ள நட்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் துவாரங்களில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு இரும்புத் தூள் போனாலும் பிஸ்டனைக் கீறும்.

உடைந்ததன் பக்கத்து ஸ்டட் நன்றாக இருந்தால் அதன் மேல் இரண்டு நட்டைப் போட்டு, ஒன்றோடு ஒன்றை இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கழற்றுங்கள். அதன் எத்தனை மில்லிமீட்டர் கேஸுக்குள் இருந்தது என்று வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிரில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது இந்த அளவுதான். அதே அளவில் பிட்டின் மேல் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். ஆழம் தெரியாமல் டிரில் போட்டால் கிராங்க்கேஸ் ஓட்டையாகிவிடும்.

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் ஸ்டட் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பலம் வேண்டாம், அதிர்வு போனால் போதும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னில் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுர்ரென்று பறக்க வேண்டும், அவ்வளவு போதும். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி அதில்தான் தளரும். நெருப்பு டார்ச் வேண்டாம், உள்ளே கிராங்க் ஆயில் சீல் ரப்பர் இருக்கிறது.

சூட்டோடு வைஸ் கிரிப்பை ஸ்டட்டின் அடியோரம் பிடித்து, கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருப்புங்கள். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் கழற்று, கொஞ்சம் உள்ளே திருப்பு, மறுபடி கழற்று. கிரிப் வழுக்கினால் ஸ்டட்டின் இரு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி, ஓபன் ஸ்பேனர் மாட்டலாம்.

நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் மேலே ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் போடுவது அருமையான வழி. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, சூடும் நேராக ஸ்டட்டுக்குப் போகும். ஆனால் எர்த் கிளாம்பை ஸ்டட்டுக்குப் பக்கத்தில், அதே கேஸில் பிடிக்கச் சொல்லுங்கள். தள்ளிப் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். மேக்னட்டோ காயில் வயரையும் பிரித்து வையுங்கள். பெட்ரோல் வாசம் உள்ள இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது.

மட்டத்தோடு உடைந்திருந்தால்

புதிதாகச் செய்பவர்கள் எஞ்சினைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விலகினாலும் பிட் மிருதுவான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும்.

உடைந்த முகம் மேடு பள்ளமாக இருந்தால் முதலில் அதைத் தட்டையாக்குங்கள். பிறகு சென்டர் பஞ்சை வைத்து லேசாக ஒரு தட்டு. நான்கு பக்கமும் பார்த்து நடுவில் இருக்கிறதா என்று உறுதி செய்தபின் அழுத்தி ஒரு தட்டு. விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்து வைத்துப் புள்ளியை நடுவுக்குத் தள்ளலாம். டிரில் போட்டபிறகு அதைத் திருத்த முடியாது.

ஸ்டட் உள்ளடங்கி உடைந்திருந்தால் பஞ்ச் நடுவில் நிற்காது. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் ஒரு சின்ன புஷ் (நடுவில் ஓட்டை உள்ள குழாய்த் துண்டு) கடைந்து வாங்குங்கள். எம்6க்கு வெளி விட்டம் 4.9, உள் ஓட்டை 2.5. எம்8க்கு வெளி 6.6, உள் 3. அதைக் காலியான மரைக்குள் செருகி, அதன் வழியாக டிரில் போட்டால் தானாகவே நடுவில் போகும்.

டிரில் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே போங்கள். வேகமாகச் சுற்றி, அழுத்தாமல் தேய்த்தால் ஸ்டட் முகம் கெட்டிப்பட்டு, பிட் அதில் ஏறவே ஏறாது. இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் விடாதீர்கள். டிரில்லை ரிவர்ஸில் ஓட்டும்போதே பல சமயம் துண்டு கழன்று வெளியே வந்துவிடும்.

ஈஸி அவுட் போடலாமா?

எம்8 ஸ்டட்டில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கேஸைச் சூடாக்கி, ஈஸி அவுட்டை (ஓட்டைக்குள் கவ்வி, உடைந்த துண்டைத் திருப்பி எடுக்கும் கருவி) டேப் ஹேண்டிலில் மாட்டி நிதானமாகத் திருப்பலாம். வராதென்று கைக்குத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எம்6ல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 3 மில்லிமீட்டர் ஓட்டையில் இறங்கும் ஈஸி அவுட் குச்சி மாதிரி இருக்கும், சடக்கென்று ஒடியும். அது கடினமாக்கிய எஃகு. உள்ளே ஒடிந்தால் எந்தச் சாதாரண பிட்டும் அதைத் தொடாது, இடிஎம் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) உள்ள பட்டறையைத் தேடிப் போக வேண்டியதுதான். சுருள் வகை ஈஸி அவுட்டில் இன்னொரு கெடுதல்: ஆப்பு மாதிரி இறங்கி ஸ்டட்டை விரித்து, மரையில் இன்னும் இறுக்கிவிடும்.

எம்6க்கு நல்ல வழி ஓட்டையையே பெரிதாக்குவது. 2.5, பிறகு 4, பிறகு 5 மில்லிமீட்டர். எம்6 டேப்புக்கான ஓட்டை 5தான் என்பதால் ஓட்டை சரியாக நடுவில் போயிருந்தால் மிஞ்சுவது மரைக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டுமே. கூரான ஊசியால் அதன் நுனியைக் கிளப்பி, மூக்குக் குறட்டால் பிடித்தால் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு வரும். எம்8க்கு இதே வேலை 6.8ல்.

பிறகு எண்ணெய் விட்டு டேப்பை விரலாலேயே இறக்குங்கள். பழைய மரையில் சுலபமாக உட்கார வேண்டும். இறுகினால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. தூளை ஊதி வெளியேற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போடலாம். எம்6 துவாரத்தை 6.8ல் குடைந்து எம்8 ஆக மாற்றுவதும் உண்டு, சுற்றிலும் போதிய அலுமினியம் இருந்தால் மட்டும்.

புது ஸ்டட்

நான்கையும் மாற்றுங்கள். ஒன்று உடைந்தபின் மற்ற மூன்றும் அதே ஆட்டத்தைத் தாங்கியவைதான். 8.8 கிரேடுக்குக் (எஃகின் பலத்தைக் குறிக்கும் எண்) குறைவாக வாங்காதீர்கள். அலுமினியத்துக்குள் இறங்கும் நீளம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நல்லது: எம்6க்கு 12, எம்8க்கு 16 மில்லிமீட்டர். துவாரத்தின் ஆழம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, நீல நிற லாக்டைட் 243 (மரை தளராமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு விட்டு, கையால் திருப்பி உட்கார வையுங்கள். அடியில் முட்ட வைத்து முறுக்கக் கூடாது. ஒரு நாள் காய விடுங்கள்.

பூட்டும்போது மவுண்டின் வளைவு ஃப்ரேம் பைப்பில் முழுக்கப் படிய வேண்டும். ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தால் நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் வளையும். பைப் ஒல்லியாக இருந்தால் அலுமினியத் தகட்டை வளைத்து வையுங்கள். பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றும் பழக்கம் நம்மிடம் நிறைய. அதிர்வு குறையும் என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் ரப்பர் நசுங்கி நட் தளர்ந்து எஞ்சின் ஆட ஆரம்பிக்கும். ஸ்டட் உடைவதற்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை.

வாஷர் போட்டு நைலாக் நட்டை (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது) இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். எம்6க்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 18 முதல் 20. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் 10 நம்பர் ஸ்பேனரை நட்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் பிடித்து ஏறக்குறைய 9 கிலோ இழுப்பு, 13 நம்பரை 15 சென்டிமீட்டரில் பிடித்து ஏறக்குறைய 13 கிலோ. (எக்ஸாஸ்ட் ஸ்டட்டில் நைலாக் வேண்டாம், நைலான் உருகிவிடும்.)

நட்டிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் 10 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறியபின் நான்கையும் மறுபடி இறுக்கி, கோட்டைப் புதிதாகப் போடுங்கள். அதன்பிறகு வண்டி எடுக்கும் முன் ஒரு பார்வை போதும். கோடு விலகியிருந்தால் அன்றைக்கு ஸ்பேனர் எடுக்காமல் கிளம்பாதீர்கள்.