வாடகை வீடு: பார்ப்பவர் சோதிக்க வேண்டியவை, விடுபவர் சரிசெய்ய வேண்டியவை

வீடு பார்க்கப் போகிறவர் ஹாலையும் சமையலறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாடகையைக் கேட்கிறார். விடுகிறவர் சுவருக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்து, புது விளக்கு மாட்டி, ஆள் வரக் காத்திருக்கிறார். குடிவந்தபின் மனக்கசப்பைக் கிளப்புவது இவை எதுவுமில்லை. தண்ணீர் வரத்து, சுவரின் ஓதம், குளியலறை வாடை, மூடாத கதவு, மின்சாரம் ஆகிய ஐந்தில்தான் பெரும்பாலான தகராறு தொடங்குகிறது. ஐந்தையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். ஒருவர் சோதிக்க வேண்டியதைத்தான் மற்றவர் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும் என்பதால் இந்தக் குறிப்பு இரு தரப்புக்கும் பொது.

முதலில் கணக்கு

இரண்டு வீட்டின் வாடகைத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். ஒவ்வொரு வீட்டுக்கும் மாத மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள். வாடகை, பராமரிப்புக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், தண்ணீர் மற்றும் மின்சாரச் செலவு, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். தரகுத் தொகை, வீடு மாற்றும் செலவு போலத் திரும்பி வராத பணத்தை, எத்தனை மாதம் இருக்கப்போகிறீர்களோ அத்தனையால் வகுத்துச் சேருங்கள்.

முதல் வீட்டின் வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு 4, போக்குவரத்து 18, திரும்பாத ஒருமுறைச் செலவு 24. ஓராண்டு இருந்தால் அந்த 24-ஐ 12-ஆல் வகுக்க மாதம் 2 ஆகிறது; மொத்தம் 124. இரண்டாவது வீட்டின் வாடகை 112, பராமரிப்பு அதற்குள் அடக்கம், போக்குவரத்து 5, தரகு இல்லை, மொத்தம் 117. வாடகை அதிகமான வீடுதான் இங்கே மலிவு. முன்பணம் திரும்பி வரக்கூடியது என்பதால் அதைச் செலவாகக் கூட்ட வேண்டாம். ஆனால் எவ்வளவு பணம் முடங்குகிறது, வீட்டைக் காலி செய்தபின் எத்தனை நாளில் கிடைக்கும், எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவிலும் இதே கவனம் வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் அளவில் சுவர்த் தடிமன், பொது நடைபாதை, படிக்கட்டின் பங்கு எல்லாம் கலந்திருக்கலாம். டேப் கொண்டு போய் ஒவ்வோர் அறையின் உள் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது சுமார் 10.76 சதுர அடி. கையோடு வாசல் அகலம், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்டின் உள்ளளவு, ஃப்ரிட்ஜ் நிற்கும் இடம் ஆகியவற்றையும் அளந்துவிடுங்கள். கட்டில் போட்டபின் நடக்க 75 செ.மீ. மிஞ்சாத அறையில் அலமாரிக் கதவைத் திறப்பதே சிரமம்.

வீட்டுக்குள் அரை மணி நேரம்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குழாயைத் திறந்து வேகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 10 லிட்டர் வாளியைக் குளியலறைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தையொட்டி நிரம்பினால் நல்ல வரத்து. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஷவரில் குளிப்பது கஷ்டம். பிறகு சமையலறைக் குழாயையும் திறந்துவைத்து, ஃப்ளஷை அழுத்திவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். தனியாக நன்றாக வரும் குழாய் இப்போது சொட்டச் சொட்ட வந்தால் பைப் குறுகலானது, அல்லது உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கிறது. நிரம்பிய வாளியை அப்படியே தரையில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் மூலையில் குட்டையாக நின்றால் தரையின் சரிவு தவறு. அதைச் சரிசெய்ய டைலைப் பெயர்க்க வேண்டும். குடியிருக்கும்போது யாரும் செய்துதர மாட்டார்கள். வடியும்போது ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால் கழிவுக் குழாயில் பாதி அடைப்போ, காற்றுக் குழாயில் தடையோ இருக்கிறது.

ஓதத்தைக் கண்டுபிடிக்கப் புதுப் பெயின்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அல்லது தரையிலிருந்து இடுப்புயரம் வரை மட்டும் புதிதாக அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். அலமாரியின் உட்புறம், வாஷ்பேசினின் அடிப்பகுதி, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர், மேல்மாடியானால் கூரையின் மூலைகள் ஆகிய நான்கு இடங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும், தட்டினால் பூச்சு பொத்தென்று ஒலிப்பதும் சுவருக்குள் ஈரம் இருப்பதற்கு அடையாளம்.

மின்சாரத்தில் மூன்று விஷயம். ஒவ்வோர் அறையிலும் பிளக் பாயின்ட் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன? கட்டிலுக்குப் பின்னால் மறைந்துபோகும் பாயின்ட்டால் பயனில்லை. ஃபோன் சார்ஜரைக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். மூன்றாவதுதான் உயிர் காப்பது: மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா? மனிதரைக் காக்கப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் வகை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு அழுத்துங்கள். அந்தக் கணமே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்றித் தரும்வரை குடியேறாதீர்கள்.

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பெரிய ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் பிற்பகல் வெயிலை முழுக்க உள்ளே விடும். கடைசி மாடியாகவும் இருந்தால் இரவிலும் அறை அனலடிக்கும். உட்புற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அழைப்புப் பேசிப் பாருங்கள். பிடித்துப்போன வீட்டை வேலைநாள் காலை நெரிசலிலும், இரவு ஒன்பது மணிக்கு மேலும் தெருவில் நின்றாவது இன்னொருமுறை பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வீட்டைப் பார்த்து முடிக்கும்போது முதல் வீட்டின் குளியலறை நினைவில் இருக்காது. அதனால் எல்லா வீட்டையும் ஒரே வரிசையில், வாசலில் தொடங்கி, படமெடுங்கள். மதிப்பெண் போடும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில குறைகள் கழித்துக்கொள்ளும் வகையல்ல. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அழகான பால்கனிக்காக எட்டு மதிப்பெண் கொடுத்துச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர், மின் பாதுகாப்பு, ஓதம், பயண நேரம் ஆகியவற்றில் உங்கள் எல்லையை முதலில் எழுதுங்கள். அதில் தவறும் வீட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

வீட்டைக் காட்டாமலேயே முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். வாடகைக்கு விட வீட்டைக் காட்டுபவருக்கு உரிமை உண்டா என்பதை ஆவணத்தில் பார்த்தபின், பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விடுபவர் பணத்தை எங்கே போட வேண்டும்

உரிமையாளர்கள் பலர் ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒட்டும் வால்பேப்பர், விலையுயர்ந்த குழாய் என்று செலவு செய்கிறார்கள். குடிவருபவருக்கு அவற்றால் கிடைப்பது கொஞ்சம். பழுதானால் உதிரிபாகமும் எளிதில் கிடைக்காது. முதல் செலவு கசிவுக்கும் வாடைக்கும்தான்.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் தொட்டியில் சில துளி உணவு நிறமியை விட்டு, 20 நிமிடம் அழுத்தாமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் வால்வு தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் குளியலறை நாறுவதற்குப் பெரும்பாலும் அழுக்கு காரணமல்ல. தரை வடிகாலுக்கு அடியில் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. சில வாரம் புழங்காமல் இருந்தால் அது ஆவியாகிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. அப்படியும் ஓரிரு நாளில் வாடை திரும்பினால் வளைவே பொருத்தப்படவில்லை, அல்லது உடைந்திருக்கிறது, பிளம்பரை அழையுங்கள். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்காதீர்கள். வீடு பார்க்க வருபவர் அந்த வாசனையைத்தான் முதலில் சந்தேகிப்பார். சுத்தம் செய்யும்போது பிளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை விரிசல், குழாய்க் கசிவு, வெளிச்சுவர் என்று மூலத்தை அடைத்து, சுவர் நன்கு காய்ந்தபிறகே பட்டி, பிரைமர், பெயின்ட். பழைய கறை உள்ள இடத்தில் கறையடைக்கும் பிரைமர் போடாவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சள் மேலே வந்துவிடும்.

நிறத்தில் பரிசோதனை வேண்டாம். வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் போதும். 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.75 மீட்டர் உள்ள அறையில் கதவு ஜன்னல் போகச் சுவர்ப் பரப்பு சுமார் 32 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டில் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு 6 லிட்டர் வாங்குங்கள். டப்பாவிலுள்ள நிற எண்ணைக் குறித்து, மிச்சத்தை மூடி வையுங்கள். அடுத்தமுறை வீடு முழுக்க அடிக்காமல் கறையை மட்டும் தொட்டுவிடலாம்.

வாஷ்பேசின் ஓரத்தில் கறுத்துப்போன சிலிக்கானை முழுவதும் சுரண்டி எடுங்கள். பழையதன்மேல் புதியது ஒட்டாது. பூஞ்சை எதிர்ப்பு வகையைப் பூசி 24 மணி நேரம் ஈரம் படாமல் விடுங்கள். முட்டும் கதவை இழைக்கும் முன் கீல்களின் திருகை முறுக்கிப் பாருங்கள்; பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வாசல் பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள். ஓர் அறைக்குள் மஞ்சள் விளக்கையும் வெள்ளை விளக்கையும் கலக்காதீர்கள். கெல்வின் என்பது விளக்கொளி நிறத்தின் அளவு, எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்: படுக்கையறைக்கு 2700 முதல் 3000 கெல்வின், சமையலறைக்கு 4000 கெல்வின் பொருந்தும்.

வாடகையும் விளம்பரமும்

ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போய்விடும். 5 சதவீதம் கூடுதல் வாடகைக்காக ஒரு மாதம் காத்திருந்தால், இழந்ததை மீட்க வருபவர் 20 மாதம் குடியிருக்க வேண்டும்.

படங்களைப் பகலில், எல்லா விளக்கையும் போட்டு, மார்பு உயரத்தில், அறையின் மூலையிலிருந்து எடுங்கள். அகலக் கோண லென்ஸ் சிறிய அறையை மண்டபமாகக் காட்டும்; நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாந்து திரும்புவார். கழிப்பறையின் படத்தையும் அளவுகள் எழுதிய வரைபடத்தையும் சேருங்கள். லிஃப்ட் இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்பதை வெளிப்படையாக எழுதினால் வீண் வருகை குறையும். அழைப்பே வரவில்லையா? வாடகையிலோ படத்திலோ கோளாறு. நிறையப் பேர் பார்த்தும் ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லையா? கோளாறு வீட்டில், மேலே சொன்ன சோதனைகளை வாளியோடு நீங்களே செய்து பாருங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாகப் படமெடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் அளவுகள், சாவிகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பழுது யார் பொறுப்பு, சொன்னபின் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு உயரும் ஆகிய நான்கும் எண்ணால் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நியாயமான காலத்துக்குள்’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் நாள் கணக்கைப் போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.