சிறிய கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் எழும் கடகடப்பைக் கண்டறிந்து நீக்கும் முறை

ஆறாவது தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தி வாசிக்கும்போது மட்டும், சுரத்தோடு சேர்ந்து மெல்லிய தகரம் அதிர்வதுபோல் ஒரு கரகரப்பு எழும். விரல் ஆறாம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்ததும் அது மறைந்துவிடும். சிறிய ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் பெரும்பாலோர் இதை என்றாவது கேட்டிருப்பார்கள். கேட்டதும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு செய்திருப்பார்கள். நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபையரின் 8 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். கரகரப்பு இம்மியும் குறையவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, முகப்புத் துணியின் மேலிருந்த பெயர்த்தகட்டில் தற்செயலாக விரல் பட்டபோது ஒலி நின்றது. தகட்டின் ஒரு முனை ஒட்டு விட்டுப் போயிருந்தது; ஒரு சொட்டுப் பசையில் வேலை முடிந்தது. ஸ்பீக்கருக்குச் செலவழித்த பணம் திரும்பவில்லை. அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் வரிசை இதுதான்: முதலில் கரகரக்கும் சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு இடத்தை, கடைசியில்தான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

தளர்ந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எடையையும் விறைப்பையும் பொறுத்து ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அந்த அதிர்வெண்ணைத் தொடும்போது அப்பொருள் வலுவாக அதிர்ந்து பக்கத்தில் இருப்பதை மோதுகிறது, இதுவே ஒத்ததிர்வு. வழக்கமான சுருதியில் ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டினால் 82.4 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாம் ஃப்ரெட்டில் 98, ஐந்தாம் ஃப்ரெட்டில் 110. கடகடப்பில் பெரும்பகுதி இந்தத் தாழ்ந்த சுரங்களில்தான் வெளிப்படும், ஏனெனில் அப்போதுதான் ஸ்பீக்கரின் கோன் (காகிதக் கூம்பு) அதிகத் தொலைவு முன்னும் பின்னும் நகர்ந்து பெட்டி முழுவதையும் உலுக்குகிறது. பெரிய மேடைகளில் ஆம்ப்ளிஃபையர் தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டி தனியாகவும் இருக்கும். சிறிய ஆம்ப்ளிஃபையரிலோ மின்மாற்றி, வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்), எதிரொலிக்கான ஸ்பிரிங் பெட்டி, கைப்பிடி அனைத்தும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் அடைபட்டிருக்கின்றன.

தேடத் தொடங்குமுன் இரண்டு வேறு ஒலிகளைப் பிரித்தறிய வேண்டும். தந்தியைத் தொடாதபோதும் தொடர்ந்து கேட்கும் தாழ்ந்த உறுமல் கடகடப்பு அன்று. நம் வீடுகளில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால் அந்த உறுமல் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அது மின்சுற்றையோ எர்த் இணைப்பையோ சார்ந்த வேறு பிரச்சினை. இரண்டாவது, கிட்டாரிலேயே தந்தி ஃப்ரெட்டில் உரசும் ஒலி. வேறொரு கிட்டாரை மாட்டி அதே சுரத்தை வாசித்தாலே இது தெளிவாகிவிடும்.

அடுத்தது அறை. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் சந்தேகத்துக்குரிய கடகடப்புகளில் கணிசமானவை ஆம்ப்ளிஃபையருக்கு வெளியேதான் இருக்கின்றன. சன்னல் கண்ணாடி, இரும்பு பீரோவின் கதவு, சுவரில் தொங்கும் படச்சட்டம், அலமாரியில் ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஆகிய எல்லாமே 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிக்கு அதிரக்கூடியவை. ஆம்ப்ளிஃபையரை அறையின் நடுவே, நான்காக மடித்த போர்வையின் மேல் வைத்து வாசித்துப் பாருங்கள். முடிந்தால் வேறு அறைக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துச் செல்லுங்கள். அதன் தலையில் வைத்த பிக், சாவி, நாணயம் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

அறை காரணமில்லை என்று உறுதியானதும், கைகள் இரண்டும் தேடுவதற்கு ஓய்வாக இருக்கும்படி ஒலியை வேறு வழியில் கொடுக்க வேண்டும். கைபேசியில் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. கைபேசியைப் பொருத்தமான கேபிளால் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஒலி அளவைக் குறைவாக வைத்து, 70 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை மிக மெதுவாக உயர்த்திக்கொண்டே போனால், கரகரப்பு தொடங்கும் இடமும் உச்சத்தைத் தொடும் இடமும் அடங்கும் இடமும் துல்லியமாகத் தெரியும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லூப்பர் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) இருப்பவர்கள் அந்த ஒரு சுரத்தைப் பதிவு செய்து சுழலவிடலாம். நீண்ட நேரம் ஒரே சுரத்தை உரத்து ஒலிக்கவிடுவது ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நல்லதல்ல. கரகரப்பு கேட்கும் அளவு போதும்.

உச்சமாகக் கரகரக்கும் அதிர்வெண்ணில் நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் அழுத்துங்கள்; பிறகு கைப்பிடி, மூலைத் தகடுகள், முகப்புச் சட்டம், பின்பலகை, திருகு குமிழ்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது ஒலி நிற்கிறதோ, அல்லது அதன் தன்மை மாறுகிறதோ, அதுவோ அதன் அண்டையில் உள்ளதோதான் காரணம். கை எட்டாத இடங்களுக்கு அரை மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று மிகவும் உதவும். ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையைப் பெட்டியின் மேல் நகர்த்தினால், மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போலவே அது இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதிலும் பிடிபடாவிட்டால், ஒரு மாற்றுச் சோதனை ஐயத்தைப் பாதியாகக் குறைக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரைப் பிரித்துவிட்டு, அதே ஓம் அளவுள்ள வேறொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சற்றுத் தொலைவில் வைத்து இணைத்து வாசியுங்கள். அப்போதும் கரகரப்பு அந்தப் பெட்டியிலிருந்து வந்தால் காரணம் மின்சுற்றிலோ வால்விலோ இருக்கிறது. கரகரப்பு மறைந்தால் காரணம் உங்கள் ஸ்பீக்கரிலோ, அது உலுக்கும் பெட்டியிலோ, அந்த அதிர்வில் ஆடும் வேறு உறுப்பிலோ இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம்.

இங்கே பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வால்வு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் இருப்பது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து ஆளைக் கொல்லக்கூடும். பின்பலகை, ஸ்பீக்கர், கைப்பிடி, வெளியே தெரியும் வால்வுகள் ஆகியவற்றோடு நின்றுகொண்டால் பெரும்பாலான கடகடப்புகளை நீக்கிவிடலாம். அதற்கும், ஒலியைக் கேட்டபடி தொட்டுப் பார்க்கும் சோதனைகளைத் தவிர மற்ற வேலைகளுக்கெல்லாம், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வால்வுகள் ஆறும்வரை காத்திருங்கள். மின்சுற்று இருக்கும் உலோகத் தட்டைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், மின்தேக்கிகளை முறையாக வெறுமையாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது பின்பலகையை. மெல்லிய பலகை, மரச்சட்டத்தின் மேல் நேரடியாக அமர்ந்து, நான்கைந்து திருகாணிகளில் நிற்கிறது. ஒன்று தளர்ந்தாலும் சட்டத்தில் அடித்துக்கொள்ளும். திருகாணிகளை இறுக்குவதோடு நிறுத்தாமல், பலகை சட்டத்தைத் தொடும் விளிம்பு முழுவதும் மெல்லிய ஃபோம் டேப்பையோ, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையையோ ஒட்டிவிட்டால் அது திரும்பி வராது. மலிவான பெட்டிகள் மரத்தூள் பலகையால் செய்யப்பட்டவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அவை ஊறி, திருகாணி ஓட்டைகள் பிடிப்பிழந்து, எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றும். தீக்குச்சிகளின் மருந்து முனையை வெட்டிவிட்டு, ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் செருகி, ஒரு நாள் உலரவிட்டு, வெளியே நீட்டியிருப்பதைச் சீவிவிட்டுத் திருகாணியைப் போட்டால் புதிய மரம்போலப் பிடிக்கும்.

கைப்பிடியின் இரு முனைகளிலும் உள்ள உலோக மூடிகள், மூலைத் தகடுகள், மின்சுற்றுத் தட்டைப் பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஜாக்கின் நட்டு, குமிழ்கள் எல்லாவற்றையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம். உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களில் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். அடிக்கடி கழன்றுவரும் நட்டின் விளிம்பில் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் அது நிற்கும், வேண்டும்போது திருகியும் எடுக்கலாம்.

ஸ்பீக்கர் திருகாணிகளை இறுக்கும்போது இரண்டு தவறுகள் நேர்வதைக் கண்டிருக்கிறேன். ஒன்று, பலம் முழுவதையும் போட்டு ஒரு பக்கமாக இறுக்குவது. இதனால் ஸ்பீக்கரின் சட்டம் கோணி, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசத் தொடங்கி, இல்லாத நோயை வரவழைத்துவிடும். எதிரெதிர்த் திருகாணிகளைச் சிறிது சிறிதாக, கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். மற்றொன்று, ஸ்பீக்கரின் காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுக்கும் என்பதை மறப்பது. இழுபட்ட திருப்புளி காகிதக் கோனைத் துளைத்துக்கொண்டு போகும். ஒரு கையால் திருப்புளியின் தண்டைப் பிடித்துக்கொண்டு, கோனின் மேல் தடித்த அட்டையை மறைப்பாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஸ்பீக்கரே குற்றவாளியா என்பதைக் கோனின் நடுவைச் சுற்றி விரல்நுனிகளைச் சமமாக வைத்து, மெல்ல உள்ளே அழுத்தி விடுவித்துப் பார்த்தால் அறியலாம். சுரண்டும் ஒலி கேட்டாலோ மண் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ கம்பிச்சுருள் உரசுகிறது. அத்தகைய ஸ்பீக்கரை மாற்றுவதே பெரும்பாலும் சரி. ஆனால் அதற்கு முன், ஸ்பீக்கரைக் கழற்றி அரைவட்டம் திருப்பிப் பொருத்திப் பாருங்கள். நாளாக நாளாகத் தன் எடையில் தொங்கிப்போன கோன் சில வேளைகளில் இதனால் நிமிர்ந்துவிடும். கோனிலிருந்து முனையத்துக்குப் போகும் பின்னல் கம்பிகள் கோனைத் தொட்டு அடிக்கின்றனவா, நடுவிலுள்ள மூடியின் விளிம்பு ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு கிழிசலுக்கு, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்த மெல்லிய திசுக் காகிதத் துண்டை இருபுறமும் ஒட்டினால் போதும். தடித்த காகிதம் வேண்டாம், அதன் எடை கோனின் ஒலியையே மாற்றிவிடும்.

வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் தனித்துப் பார்க்க வேண்டியது வால்வுகளை. 15 வாட் அளவிலுள்ள ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் போன்ற சிறிய ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டு இஎல்84 வெளியீட்டு வால்வுகளும் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகளும் மின்சுற்றுத் தட்டிலிருந்து தலைகீழாக, 12 அங்குல ஸ்பீக்கரின் முதுகுக்குச் சற்று மேலே தொங்குகின்றன. வால்வின் கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளும் கம்பிகளும் அந்த அதிர்வில் ஒன்றோடொன்று தட்டி, கண்ணாடிச் சில்லு குலுங்குவதுபோல் ஒலி எழுப்பும். கரகரக்கும் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, தடித்த வெப்பக் கையுறை அணிந்து ஒவ்வொரு வால்வையும் மெல்லப் பிடியுங்கள். எதைப் பிடித்தால் ஒலி அடங்குகிறதோ அதுதான். வெப்பம் தாங்கும் சிலிகான் வளையங்களை அதன் மேல் மாட்டினால் பல நேரங்களில் சரியாகிவிடும். சாதாரண ரப்பர் வளையம் அந்தச் சூட்டில் உருகிக் கருகும். வால்வைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கவ்வியோ, சிறிய வால்வுகளின் மேலிருக்கும் உலோக உறையோ கூட ஆடலாம் என்பதால் அவற்றையும் அழுத்திப் பாருங்கள்.

12ஏஎக்ஸ்7 வால்வுகளில் வேறொரு கோளாறு உண்டு. மரப்பென்சிலின் பின்முனையால் வால்வை இலேசாகத் தட்டும்போது ஸ்பீக்கரிலிருந்து கணீர் என்று மணியோசை கேட்டால், அந்த வால்வு அதிர்வையே மின்சைகையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. கிட்டார் ஜாக்கை ஒட்டியிருக்கும் முதல் வால்வில்தான் இது மிகவும் தொல்லை தரும். அதைப் பின்னால் இருக்கும் மற்றொரு 12ஏஎக்ஸ்7 வால்வோடு இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத முதல் முயற்சி.

எதிரொலி ஸ்பிரிங் பெட்டி இருந்தால், அதன் திருகாணிகளுக்கும் மரத்துக்கும் இடையே ரப்பர் வாஷர்கள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுரம் தேய்ந்து அடங்கும்போது மட்டும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் கரகரப்பு, மாற்று ஸ்பீக்கரிலும் அப்படியே கேட்டால், அது மின்வழங்கலை வடிகட்டும் மின்தேக்கி வலுவிழந்ததாலோ வெளியீட்டு வால்வுகளின் பயாஸ் (ஓய்வுநிலை மின்னோட்ட அமைப்பு) தவறியதாலோ வருவதாக இருக்கலாம். அது தொழிலறிந்தவரின் வேலை.

ஒன்றை நீக்கியதும் பெட்டியைப் பழையபடி முழுமையாக மூடி, தாளில் குறித்த அதிர்வெண்ணில் மட்டுமல்லாமல் 70 ஹெர்ட்ஸிலிருந்தே மீண்டும் ஒருமுறை ஒலியை உயர்த்திக்கொண்டு வாருங்கள். உரத்த கடகடப்பின் நிழலில் மறைந்திருந்த இன்னொரு மெல்லிய கடகடப்பு இப்போது கேட்கக்கூடும்; பின்பலகையைத் திறந்துவைத்துச் சோதித்தால் அது தெரியாமலே போகும்.