27 வருசத்து வண்டி, ஓடுனது 31,000 தான்: என்ஜினைப் பிரிக்கறதுக்கு முந்தி இதைப் படிச்சுட்டுப் போங்க

என்ற பெரியப்பா வண்டி 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டிங்க, டிஎன் 33 நம்பர். காங்கேயத்துப் பக்கம் தோட்டத்துச் சாளைல தேங்கா மட்டைக்கு நடுவால நின்னுட்டு இருந்துச்சு. மீட்டர்ல 31,000 சொச்சம். அவரு நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்தவரு, கண்ணு ஆபரேசன் ஆனதுக்கப்பறம் அதுவும் இல்ல, ஏழு வருசமா கவர் போட்டு நிறுத்தியாச்சு. போன வருசம் நான் கேட்டு வாங்குனேன். ஒறம்பரை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, "அட அது புது வண்டியாட்டம்டா, பேட்டரி மாத்துனா போதும்". மாத்துனேன், ஸ்டார்ட்டும் ஆச்சு, ஆனா ஒரு சிலிண்டர் தூங்குது, பின்னால நீலமா பொகை. பட்டறைல ஒரு அண்ணன் ரெண்டு நிமிசம் காது குடுத்துக் கேட்டுட்டு "போர் போட்டறலாமுங்க தம்பி, நாப்பதாயிரம் ஆகும்"னாரு. எங்க பக்கம் போர் போடறதுன்னா ஆயிரம் அடி எறக்கிட்டு தண்ணி வருமா வராதான்னு துண்டைத் தலைல போட்டுட்டு நிக்கறது. என்ஜின்ல போர் போடறதுன்னா சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி அதுக்கேத்த பிஸ்டன் போடறது, இதுவும் அதே கணக்குத்தான்னு மனசுல பட்டுச்சு, வண்டியத் திருப்பிட்டு வந்துட்டேன்.

கடைசில போர் போடவே இல்லீங்க. அது எப்படின்னுதான் இது.

கம்மியா ஓடி ரொம்ப வருசம் நின்ன வண்டில இரும்பு பெருசா தேஞ்சிருக்காது, ரப்பர்தான் செத்திருக்கும். ஆயில் சீல், வால்வு சீல், ஹோஸ், டைமிங் பெல்ட், பிரேக் வீல் சிலிண்டர் கப், என்ஜின் மவுன்ட், டயர், இதுக்கெல்லாம் வயசுதான் கணக்கு, கிலோமீட்டர் இல்ல. அதனால "கம்மியா ஓடுன வண்டி"ங்கறதை நம்பி பெல்ட்டை அப்படியே உடாதீங்க, அதே மாதிரி "பழைய வண்டி"ங்கறதை நம்பி பிஸ்டனை மாத்தவும் ஓடாதீங்க. மீட்டர் நெசமான்னு சந்தேகமா இருந்தா பெடல் ரப்பரையும் டயரையும் பாருங்க. 2000க்கு அப்பறம் வந்த டயர்னா பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2409னா 2009ஆம் வருசம் 24ஆவது வாரம் செஞ்சது. பெரியப்பா வண்டில ஸ்டெப்னி டயர் கம்பெனில வந்ததே கெடந்துச்சு, முள்ளு கூட தேயல, அதைப் பாத்ததும் மீட்டர் மேல நம்பிக்கை வந்துருச்சு.

சாமானுக்கு அலையறதுக்கு முந்தி ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. சொந்த வண்டிக்கு 15 வருசம், அப்பறம் 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும். எங்க வண்டிக்கு 2013, 2018ன்னு ரெண்டு தடவ பண்ணிருந்தாரு, 2023ல முடிஞ்சது அப்படியே கெடந்துச்சு. வண்டிய ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டோணும், அப்ப என்ஜின் நம்பரும் பாப்பாங்க. இதை ஏன் இப்பவே சொல்றேன்னா, "முழு என்ஜினே பழசு ஒண்ணு இருக்குதுங்க, போர் போடற காசுல பாதிதான், தூக்கி வெச்சறலாம்"னு யாராச்சும் கட்டாயம் சொல்லுவாங்க. வேற நம்பர் என்ஜினை வெச்சா அதை ஆர்.சி.ல ஏத்தோணும், அதுக்கு பில்லு, பேப்பரெல்லாம் வேணும். அந்த வெசனமே வேண்டாமுங்க.

சரி, நின்ன வண்டிய எடுத்ததும் சாவியத் திருப்பாதீங்க. ஸ்பார்க் பிளக் மூணையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் உட்டு ராத்திரி பூரா வெச்சிருங்க. காலைல கிராங்க் புல்லில ஸ்பேனர் போட்டு கைலயே ரெண்டு சுத்து சுத்துங்க, எங்காச்சும் புடிச்சா அங்கயே நிறுத்திப்போட்டு ஏன்னு பாருங்க. அப்பறம் பழைய ஆயிலை எறக்கி புதுசு ஊத்தி, பிளக் இல்லாமயே ஸ்டார்ட்டர் அடிச்சு ஆயில் லைட் அணையற வரைக்கும் உடுங்க. ஏர் கிளீனரைத் தொறந்து பாக்காம எதுவும் பண்ணாதீங்க, நான் தொறந்தப்ப உள்ள பெருக்கான் (பெருச்சாளி) தேங்கா நாரெல்லாம் கொண்டாந்து தொட்டில் கட்டாத கொறையா ஊடு கட்டி வெச்சிருந்துச்சு. டேங்க்ல கெடந்த பெட்ரோலும் வேலைக்காவாது, வார்னிஷ் மாதிரி நாத்தமடிக்கும், முழுசா எறக்கிருங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்தது, அது தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர் ஹோசைச் சாப்புடும். அதனால டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் பெட்ரோல் ஹோஸ் மொத்தமும் எத்தனாலுக்குத் தாங்கறதாப் பாத்து மாத்தீருங்க, பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் கார்புரேட்டர் கிட்டும் சேத்து.

இப்பத்தான் முக்கியமான வேலை, கம்ப்ரஷன் பாக்கறது, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் காத்து எவ்வளவு அழுத்தமா அமுங்குதுன்னு அளக்கறது. கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கி வெச்சுக்கலாம், பட்டறைக்காரர் வாய்ச்சொல்லுக்கு அது எவ்வளவோ மேல். என்ஜின் சூடா இருக்கோணும், பிளக் எல்லாம் வெளிய இருக்கோணும், காயில் ஒயரைக் கழட்டிரோணும், ஆக்ஸிலரேட்டரை ஒருத்தர் முழுசா மிதிச்சுட்டே இருக்கோணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கோணும். சிலிண்டருக்கு சிலிண்டர் 14 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இருந்தா கோளாறுன்னு வெச்சுக்கங்க. எனக்கு வந்தது 165, 115, 160. ரெண்டாவதுல ஒரு ஸ்பூன் ஆயில் உட்டு மறுக்கா பாத்தேன், 120 தான். ஆயில் உட்டதும் நல்லா ஏறுனா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கு போச்சுன்னு அர்த்தம், ஏறலைன்னா வால்வோ ஹெட் கேஸ்கட்டோ (ஹெட்டுங்கறது சிலிண்டருக்கு மேல மூடியாட்டம் இருக்கறது, அதுக்கு அடில வர்ற தகடுதான் கேஸ்கட்). பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து கம்மியா இருந்தா கேஸ்கட் மேல சந்தேகப்படுங்க.

அதோட உடல. ரெண்டாவது பிஸ்டனை மேல கொண்டாந்து, வால்வு ரெண்டும் மூடுன நெலைல வெச்சு, பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தைக் குடுத்தோம். மாப்ள சைலன்சர்கிட்ட குனிஞ்சு காதை வெச்சுட்டு "மச்சா, பாம்பு சீறறாப்பல கேக்குது"ங்கறான். அதாவது எக்ஸாஸ்ட் வால்வு ஒழுங்கா உக்காரல. கார்புரேட்டர்ல சீறுனா இன்டேக் வால்வு, ஆயில் ஊத்தற மூடில வந்தா ரிங்கு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கட். ஏழு வருசமா ஒரு வால்வு தொறந்த வாக்குல நின்னு, ஈரம் பட்டு, வால்வு உக்கார்ற சீட்டு துரு ஏறிருக்குது, அவ்வளவுதான் சங்கதி. நீலப் பொகைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்குதுங்க. காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் ஒரு வீச்சு வந்து நின்னா வால்வு சீல் காஞ்சு போச்சு, மேடு ஏறும்போது வந்துட்டே இருந்தா ரிங்கு. எங்குளுது காலைல மட்டும். ஆக ஹெட்டை மட்டும் கழட்டுனா ரெண்டும் தீந்துரும். நாப்பதாயிரம் எங்க, இது எங்க.

வேலை என்னன்னு தெரிஞ்சதுக்கப்பறம்தான் சாமான் லிஸ்ட். எல்லாச் சாமானும் ஒரு பெட்டிக்குள்ள வர்ற வரைக்கும் ஹெட் போல்ட்டுல ஸ்பேனரே வெக்காதீங்க, இதை மட்டும் கேளுங்க. பிரிச்சுப் போட்டுட்டு சாமானுக்குக் காத்திருந்தா பட்டறைல நம்ம வண்டி மூலைக்குப் போயிரும், போல்ட்டு காணாமப் போகும், சிலிண்டர்ல துரு ஏறும். ஆயுத பூஜை, தீவாளி, பொங்கலுக்கு ரெண்டு வாரம் முந்தி எதையும் ஆரம்பிக்காதீங்க, லேத் பட்டறை எல்லாம் பூட்டிட்டு ஊருக்குப் போயிருவாங்க.

மாருதி சாமானுக்கு ஒரு நம்பர் இருக்குது. மொத அஞ்சு இலக்கம் அது என்ன சாமான்னு சொல்லும், அதுக்கு அக்கட்டால இருக்கறது எந்த மாடலுக்குன்னு சொல்லும். கடைல போய் "98 மாடல் எய்ட் ஹன்ட்ரடுக்கு வாட்டர் பம்ப்"னு கேட்டா எதையாச்சும் குடுப்பாங்க, நம்பரைச் சொன்னா தேடிப் பாப்பாங்க, பழைய நம்பர் போயி புது நம்பர் வந்திருந்தாலும் கம்ப்யூட்டர்ல காட்டும். நம்ம வண்டி என்ஜின் எஃப்8பி, 796 சிசி, மூணு சிலிண்டர், ஆறு வால்வு. ஆம்னிலயும் இதே எஃப்8பி தான், ஆம்னி 2019 வரைக்கும் வந்துச்சு, அதனால வால்வு, பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் இன்னும் ஈசியாக் கெடைக்குது. ஆனா ஆம்னில என்ஜின் சீட்டுக்கு அடியில வேற தெசைல சாஞ்சு உக்காந்திருக்கும், ஆயில் தேங்கற சம்ப், மேனிஃபோல்டு எல்லாம் ஒண்ணாகாது. ஆல்டோல வந்த எஃப்8டி 12 வால்வு, அந்த ஹெட்டு சாமானைக் கையால கூடத் தொடாதீங்க.

கம்பெனிச் சாமான் கெடைக்கலைன்னா கம்பெனிக்கே செஞ்சு குடுக்கற பிராண்டுக்குப் போங்க. ரிங்கு பிஸ்டனுக்கு கோயட்ஸ், உஷா, இந்தியா பிஸ்டன்ஸ், கேஸ்கட்டுக்கு டால்பிராஸ், பேரிங்குக்கு நம்ம கோயமுத்தூர்லயே ஃபேக்டரி வெச்சிருக்கற பைமெட்டல். கோயமுத்தூர்னா நஞ்சப்பா ரோட்டுல ஒரு காலைப்பொழுது நடந்தா பாதி லிஸ்ட் முடிஞ்சுரும். பில்லு கேளுங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதம்தான், பழைய 28ஐப் போட்டா சொல்லுங்க.

பழைய ஸ்டாக் விசயத்துல நான் ஒருக்கா ஏமாந்தேன். ஒரு கடைல ரேடியேட்டர் ஹோஸ், ஒரிஜினல் பாக்கெட், ஹாலோகிராம் எல்லாம் சரியா இருந்துச்சு, சந்தோசமா வாங்கிட்டு வந்து ஊட்டுல வளைச்சுப் பாத்தா உள்பக்கம் முறுக்கு மாதிரி நொறுங்குது. பாக்கெட் லேபிள்ல பேக் பண்ணுன மாசமும் வருசமும் போட்டிருக்குது, 2007. நம்ம வண்டில இருந்ததுக்கும் அதுக்கும் ஒம்போது வருசந்தான் வித்தியாசம். அதனால ரப்பர் சாமான் எது வாங்குனாலும் மொதல்ல தேதியப் பாருங்க, வெலைய அப்பறம் பாக்கலாம். இரும்புச் சாமான் எத்தன வருசம் கடைல கெடந்தாலும் துரு இல்லைன்னா தாராளமா வாங்கலாம்.

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளுக்குப் போறதா இருந்தா கார்புரேட்டர் பாடி, டிஸ்ட்ரிபியூட்டர், பிராக்கெட், கதவுக் கைப்பிடி, சுவிட்ச், கண்ணாடி, இதுக்குப் போங்க. பெல்ட், கேஸ்கட், சீல், பிரேக் சாமான், வாட்டர் பம்ப் இதெல்லாம் அங்க வாங்கவே வாங்காதீங்க. கழட்டுன பழைய சாமானைப் பையில போட்டு எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க, ஒரு வெர்னியர் அளவுகோல் கையில இருந்தா கடைக்காரரும் கொஞ்சம் மரியாதையாப் பேசுவாரு. ஹெட்டு பழசு வாங்கியே ஆகோணும்னா ஒரு நேரான ஸ்கேலும் ஃபீலர் கேஜும் கொண்டு போங்க, அடிப்பக்கத்துல குறுக்கால வெச்சு 0.05 மில்லி தகடு உள்ள நுழைஞ்சா அது வளைஞ்ச ஹெட்டு.

ஒருவேளை உங்க வண்டிக்கு நெசமாவே ரிங்கு பிஸ்டன் வேலைன்னு வந்துட்டா, பிஸ்டனை மட்டும் முன்கூட்டி வாங்கீராதீங்க, அது ஒண்ணுதான் பெட்டி கணக்குக்கு விதிவிலக்கு. சிலிண்டரை போர் கேஜ் வெச்சு அளந்து, 0.25 மில்லியா 0.50 மில்லியா எந்த ஓவர்சைஸ்னு முடிவான பொறவு பிஸ்டனை வாங்கி, அதையும் பிளாக்கோட சேத்து லேத்துல குடுக்கோணும், பிஸ்டனை அளந்துதான் போர் போடோணும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டுல லாரி, ரிக்கு வண்டி வேலை பாத்துப் பழகுன பட்டறை நெறைய இருக்குது. கை சுத்தம்தான், ஆனா சின்னப் பெட்ரோல் என்ஜின் தொடர்ந்து பண்றவங்களா பாத்துக் குடுங்க.

எங்க வேலைக்கு லேத்துல வால்வு சீட்டு கட்டிங், கையில பேஸ்ட் போட்டுத் தேய்க்கறது, புது சீல், அவ்வளவுதான். தேய்ச்சு முடிச்சு வால்வைப் போட்டதும் போர்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி கால் மணி நேரம் பாருங்க, சொட்டு கசியக் கூடாது. ஹெட் போல்ட்டுக்கு டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) இல்லாத பட்டறைன்னா அங்க குடுக்காதீங்க, கைக்கணக்குல இறுக்குனா அலுமினிய ஹெட்டு வளைஞ்சு போகும். டைமிங் பெல்ட் போட்டதும் மார்க்கு சரியா இருக்குதான்னு கைலயே ரெண்டு முழுச்சுத்து சுத்திப் பாத்துட்டு அப்பறம் சாவியப் போடுங்க. டேப்பட் கேப்பும், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கற ராக்கருக்கும் நடுவால உடற இடைவெளியும், மேனுவல்ல இருக்கற அளவுதான், "நம்ம அனுபவத்துக்கு"ன்னு யாராச்சும் சொன்னா மேனுவலை நீட்டுங்க.

ரேடியேட்டருக்கு எங்க தோட்டத்து போர் தண்ணியத்தான் பெரியப்பா ஊத்திட்டு இருந்திருக்காரு, உப்பு படிஞ்சு வாட்டர் பம்ப் றெக்கை பல்லு போன கெழவியாட்டம் இருந்துச்சு. சிறுவாணித் தண்ணியே கெடைச்சாலும் அதைக் குடிச்சுக்கங்க, வண்டிக்கு கூலன்ட் ஊத்துங்க.

எல்லாம் முடிச்சு மறுக்கா கம்ப்ரஷன் பாத்தப்ப 165, 162, 163. மொத நாள் சைலன்சர்ல தங்கியிருந்த பழைய ஆயில் எரிஞ்சு பொகையா வந்துச்சு, ரெண்டாம் நாளு காங்கேயம் போயிட்டு வந்ததும் நின்னுருச்சு. பெரியப்பா வந்து பானெட்டைத் தொறந்து பாத்துட்டு, என்ஜினைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, "அந்த ஏர் கிளீனருக்கு ஒரு கம்பி வலை அடிச்சு உடுடா, அது மறுக்கா வரும்"னாரு. அடிச்சுட்டேன்.