உடைந்ததா, உடைத்தானா? செயப்படுபொருள் குன்றிய வினையையும் குன்றா வினையையும் பிரித்தறிய

வாக்கியத்தின் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். ‘வளவன் கடிதத்தைப் படித்தான்.’ எதைப் படித்தான்? கடிதத்தை. அந்த விடைதான் செயப்படுபொருள். விடை கிடைப்பதால் இது செயப்படுபொருள் குன்றா வினை. ‘வளவன் சிரித்தான்’ என்பதில் ‘எதைச் சிரித்தான்?’ என்ற கேள்விக்கே இடமில்லை. அது குன்றிய வினை. பள்ளியில் சொல்லித் தருவது பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். தடுமாற்றம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

பலர் ‘எதை’ என்று கேட்பதற்குப் பதிலாக, வாக்கியத்தில் ‘ஐ’ உருபு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ‘சோறு உண்டான்’, ‘தமிழ் கற்றான்’ ஆகியவற்றில் ஐ தொக்கி, அதாவது மறைந்து, நிற்கிறது. ஆனாலும் இரண்டும் குன்றா வினைகளே. மறுபக்கம், வினைக்கு முன்னால் நிற்கும் பெயரெல்லாம் செயப்படுபொருளும் அல்ல. ‘மழை பெய்தது’ என்பதில் மழை எழுவாய். ‘மதுரை சென்றான்’ என்பதில் மதுரை ‘எங்கே’ என்பதற்கு விடை. ‘இரண்டு மணி நேரம் தூங்கினான்’ என்பது ‘எவ்வளவு நேரம்’ என்பதற்கு. சந்தேகம் வந்தால் ஐ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘சோற்றை உண்டான்’ சரியாக நிற்கும். ‘மதுரையைச் சென்றான்’ நிற்காது. ஆனால் ‘மதுரையை அடைந்தான்’ நிற்கும். ஊர் அதேதான், வினை வேறு: செல் குன்றியது, அடை குன்றாதது.

எழுதும்போது இங்கே ஒற்றெழுத்தையும் கவனிக்க வேண்டும். உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும்: பாலைக் குடித்தான். தொக்கி நின்றால் மிகாது: பால் குடித்தான்.

‘சாப்பிட்டாயா?’ என்பதில் செயப்படுபொருளே இல்லையே என்று குழம்ப வேண்டாம். சொல்லாமல் விட்டது வேறு, சொல்லவே இடமில்லாதது வேறு. ‘எதை?’ என்று கேட்டால் இட்லியோ தோசையோ விடையாக வரும் என்பதால் சாப்பிடு குன்றா வினைதான்.

தமிழில் இந்த வேறுபாடு வினையின் வடிவத்திலேயே தெரியும் இடங்கள் ஏராளம். ஒரே வினையடி இரண்டு வகையிலும் வரும். காலம் காட்டும்போதுதான் பிரியும். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். குழு பிரிந்தது, குழுவைப் பிரித்தான். செடி வளர்ந்தது, செடியை வளர்த்தான். கிழி, முடி, சேர், நனை, கலை, மறை, அணை எல்லாம் இப்படித்தான். இறந்த காலத்தில் ‘ந்த்’ வந்தால் தானே நடந்தது, ‘த்த்’ வந்தால் ஒருவர் நடத்தியது. நிகழ்காலத்தில் உடைகிறது, உடைக்கிறான். எதிர்காலத்தில் உடையும், உடைப்பான். பேச்சில் யாரும் இதைத் தவறவிடுவதில்லை. டம்ளரைப் போட்டு உடைத்த குழந்தைகூட ‘உடைச்சுட்டேன்’ என்று சொல்லாமல் ‘உடைஞ்சிருச்சு’ என்று நழுவிக்கொள்ளும். எழுத்தில்தான் ‘வேலை முடித்துவிட்டது’ போன்றவை வருகின்றன. ‘வேலை முடிந்துவிட்டது’ அல்லது ‘வேலையை முடித்துவிட்டேன்’ என்று எழுத வேண்டும்.

இன்னொரு வகையில் வினையடியே மாறும். மெல்லின எழுத்து வல்லினமாகும்: திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு, அடங்கு–அடக்கு, இறங்கு–இறக்கு, திருந்து–திருத்து. அல்லது வல்லினம் இரட்டிக்கும்: ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, மாறு–மாற்று, ஏறு–ஏற்று. ‘து’ சேர்வதும் உண்டு: தாழ்–தாழ்த்து, நட–நடத்து.

இந்த வடிவ விதியை ஜோடியாக வரும் வினைகளுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். ‘த்த்’ வந்தாலே குன்றா வினை என்று முடிவுகட்டினால் குதித்தான், பூத்தது, முளைத்தது, வியர்த்தது எல்லாம் காலை வாரும், எல்லாமே குன்றியவை. அறிந்தான், அணிந்தான், எறிந்தான், வரைந்தான் ஆகியவற்றில் ‘ந்த்’ இருந்தும் அவை குன்றாதவை. ‘திற’ இன்னும் விசித்திரம்: கதவு திறந்தது, கதவைத் திறந்தான் என இரண்டுக்கும் ஒரே வடிவம். இத்தகைய இடங்களில் ‘எதை?’ என்ற கேள்விக்கே திரும்பிப் போக வேண்டும்.

‘குழாய் அடைத்துக்கொண்டது’ போன்றவையும் ஏமாற்றும். வடிவம் ‘அடைத்து’ என்றிருந்தாலும், ‘கொள்’ சேர்ந்து, தானாக நடந்ததைச் சொல்கிறது. ‘எனக்கு அவனைத் தெரியும்’ என்பதில் எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் ‘எனக்கு’ இருக்கிறது, ஆனால் ‘யாரை?’ என்பதற்கு விடை கிடைக்கிறது.

செய்தி எழுதுவோருக்கு இந்தப் பாகுபாடு நேரடியாக உதவும் இடம் செயப்பாட்டுவினை, அதாவது ‘செய்யப்பட்டது’ போன்ற வடிவம். ‘படு’ சேர்ப்பது குன்றா வினைக்கு மட்டுமே பொருந்தும். ‘கூட்டம் நடைபெறப்பட்டது’ என்று எழுதுவது அதனால்தான் பிழை. ‘நடைபெற்றது’ என்றோ ‘நடத்தப்பட்டது’ என்றோ எழுதுங்கள். அதேபோல ‘உடைக்கப்பட்டது’ உண்டு, ‘உடையப்பட்டது’ கிடையாது.

தன்வினை (தானே செய்வது), பிறவினை (பிறரைச் செய்ய வைப்பது) என்ற பாகுபாட்டை இதோடு ஒன்றாக்கிவிடுவதும் வழக்கமான தவறு. ‘பாடம் படித்தான்’ தன்வினை, ஆனால் குன்றா வினை. ‘பாடம் படிக்க வைத்தான்’ பிறவினை. பிறவினையில் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்பதற்கு விடை இருக்கும். ஆனால் குன்றா வினையெல்லாம் பிறவினை ஆகிவிடாது.

ஆங்கிலச் சொற்களைக் கலந்து பேசும்போதும் இந்த ஜோடி விடாமல் தொடர்கிறது. அங்கே ஆகு, பண்ணு என்ற இரண்டு துணைகளும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன: மீட்டிங் கேன்சல் ஆச்சு, மீட்டிங்கை கேன்சல் பண்ணிட்டாங்க, ஃபைல் டெலீட் ஆயிருச்சு, ஃபைலை டெலீட் பண்ணிட்டேன். எழுத்துத் தமிழில் தயாரானது, தயார் செய்தார்; வெளியானது, வெளியிட்டார் என்று அதே முறை. ஒரு புதுச் சொல் எந்த வகை என்று தெரியாவிட்டால் ‘ஆச்சு’, ‘பண்ணினேன்’ இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்; இரண்டும் ஒட்டினால் அது பெரும்பாலும் ஜோடிச் சொல். ‘பண்ணினேன்’ மட்டும் ஒட்டினால் ‘எதை?’ என்றும் கேட்டுப் பாருங்கள், ‘வெயிட் பண்ணினேன்’ போன்றவை குன்றியவை.