நாய்க்கு உணவு தேர்ந்தெடுப்பது எப்படி: ஒவ்வாமை உள்ள நாய்களுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

நாய் உணவுப் பையின் முன்பக்கத்தில் இருக்கும் இறைச்சித் துண்டின் படமும், ‘இயற்கையானது’, ‘பிரீமியம்’ போன்ற சொற்களும், உள்ளே இருப்பது உங்கள் நாய்க்குப் போதுமான உணவா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வாசகம் பெரும்பாலும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரே வரியில் இருக்கும். பையைத் திருப்பி முதலில் அந்த வரியைத் தேடுங்கள். விலையையும் சுவையையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வரி இரண்டு செய்திகளைத் தர வேண்டும். முதலாவது, அது ‘முழுமையான, சமச்சீரான’ உணவு என்பது, அதாவது வேறு எதையும் சேர்க்காமல் அதை மட்டுமே தினமும் கொடுத்தாலும் நாய்க்குத் தேவையான சத்துகள் அனைத்தும் கிடைத்துவிடும் என்பது. இரண்டாவது, அது வளரும் குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயதுக்குமா என்பது. அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பும் ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்பும் இதற்கான சத்து அளவுகளை வகுத்திருக்கின்றன. ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்து அங்கீகரிப்பதில்லை. தன் தயாரிப்பு அந்த அளவுகளுக்கு உட்பட்டது என்று உறுதியளிப்பவர் தயாரிப்பாளர்தான். ‘இடையிடையே தருவதற்கு மட்டும்’ என்றோ ‘துணை உணவு’ என்றோ எழுதியிருந்தால், இறைச்சி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அதை அன்றாட உணவாக வைக்கக் கூடாது.

குட்டிகளின் விஷயத்தில் இந்த வரி இன்னும் முக்கியமானது. வளர்ந்த பின் ஏறத்தாழ 32 கிலோவும் அதற்கு மேலும் எடை வரக்கூடிய பெரிய இனங்களின் குட்டிகளுக்கு, ‘பெரிய இன நாய்களின் வளர்ச்சிக்கும் உரியது’ என்று குறிப்பிட்ட உணவையே வாங்க வேண்டும். இளம் குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுத்து வெளியேற்றும் திறன் முழுமையாக வந்திருக்காது. கூடுதலாகப் போகும் கால்சியம் உடலில் சேர்ந்து எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கிவிடும். எலும்பு வலுவாக வேண்டும் என்ற அன்பினால் கால்சியம் மருந்தைத் தனியாகக் கலந்து கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முழுமையான உணவு சாப்பிடும் குட்டிக்கு அது தேவையே இல்லை. பெரிய இனக் குட்டிக்கு அது கேடு.

உட்பொருள் பட்டியலைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பொருள்கள் தயாரிப்பில் சேர்க்கப்படும்போது இருந்த எடையின்படி, நீரும் சேர்த்து, இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. பச்சைக் கோழி இறைச்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், அது முதலிடத்தில் இருந்தாலும் உலர்ந்த உருண்டையில் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். ஈரல், இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் ‘துணைப்பொருள்கள்’ என்ற பெயரில் வருவதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. சத்தில் அவை சதையைவிடக் குறைந்தவை அல்ல.

புரத அளவை ஒப்பிடும்போதும் நீரைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். உலர் உணவுப் பையில் புரதம் 26 சதவீதம், ஈரப்பதம் 10 சதவீதம் என்றும், டின்னில் புரதம் 9 சதவீதம், ஈரப்பதம் 78 சதவீதம் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் நீர் நீங்கலாக மீதி 90 பங்கு. 26-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29 சதவீதம் வரும். இரண்டாவதில் மீதி 22 பங்குதான். 9-ஐ 22-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41 சதவீதம். பார்வைக்குப் புரதம் குறைந்ததாகத் தெரிந்த டின்னில்தான் உண்மையில் அது அதிகம். இவ்வாறு நீர் நீக்கிக் கணக்கிட்டால் ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்சப் புரத அளவு, வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம்.

எந்த உணவு என்பதைப் போலவே எவ்வளவு உணவு என்பதும் தேர்வின் ஒரு பகுதி. நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி, விடைக்கு இரண்டு முறை வர்க்கமூலம் கண்டு, 70-ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும்போது அதற்குத் தேவைப்படும் கலோரி கிடைக்கும். 10 கிலோ நாய்க்கு இது 394 அளவில் வரும். கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம். எனவே நாளொன்றுக்கு 630 கலோரி. பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று இருந்தால் 175 கிராம் போதும். தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால் அதை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, அந்த அளவை உணவிலிருந்து குறைத்துவிட வேண்டும். கரண்டிக் கணக்கு ஏமாற்றும் என்பதால் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. இந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. விரல்களை லேசாக வைத்துத் தடவினாலே விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அளவை மாற்றுங்கள்.

தானியம் இல்லாத உணவைப் பற்றி ஒரு வார்த்தை. தானியம் நாய்க்கு ஆகாது என்ற எண்ணம் விளம்பரங்களால் பரவியது. பெரும்பாலான நாய்கள் வெந்த தானியத்தை நன்றாகவே செரிக்கின்றன. 2018-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட, பெரும்பாலும் தானியம் நீக்கப்பட்ட உணவுகளைச் சாப்பிட்ட நாய்களிடம் இதயம் விரிந்து வலுவிழக்கும் நோய் காணப்படுவதாக வந்த புகார்களை ஆராயத் தொடங்கியது. உணவுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் தானியத்தைத் தவிர்ப்பதில் பயன் இல்லை என்பதே என் கருத்து.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால்

நாய் சொறிகிறது என்றதும் வேறு பையை வாங்கிவிடுவதுதான் பலரும் செய்வது. அது சரியாக வராவிட்டால் இன்னொன்று, பிறகு மற்றொன்று. இந்தப் பழக்கத்தை நான் மிகவும் எதிர்க்கிறேன். காரணம், ஒவ்வொரு புது உணவோடும் நாய் ஒரு புதிய புரதத்தைச் சந்தித்துவிடுகிறது. பிற்பாடு முறையாகச் சோதிக்கும்போது அது இதுவரை சாப்பிட்டிராத புரதமே மிச்சமிருக்காது.

முதலில் உணவுதானா என்று பார்க்க வேண்டும். நாய்களுக்கு அரிப்பு வருவதற்குத் தெள்ளுப்பூச்சிக் கடியும், தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற சூழல் ஒவ்வாமைகளும் உணவைவிட அடிக்கடி காரணமாகின்றன. எனவே கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் தெள்ளுப்பூச்சியை முழுமையாக ஒழித்து, தோலிலும் காதிலும் உள்ள கிருமித் தொற்றைக் குணப்படுத்திவிட்டு, அதன் பிறகே உணவைச் சந்தேகிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் பருவ வேறுபாடு இன்றித் தொடரும் அரிப்பு, மருந்து நின்றதும் திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழ், அரிப்போடு சேர்ந்து வரும் இளகிய மலம் அல்லது வாந்தி ஆகியவை உணவின் பக்கம் கை காட்டும் அறிகுறிகள். நாயின் முன்னங்கால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்நிற முடியுள்ள நாயாக இருந்தால், ஓயாமல் நக்கியதன் எச்சில் கறை செம்பழுப்பாகப் படிந்திருக்கும். அதன் அடியில் தோல் சிவந்து ஈரமாக இருக்கும். காது மடலைத் தூக்கினால் உட்புறம் தடித்து, புளித்த வாடை வரும். இவை ஒவ்வாமையைக் காட்டும், ஆனால் எதற்கான ஒவ்வாமை என்பதைக் காட்டமாட்டா.

எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்பதிலும், தானியம்தான் முதல் காரணம் என்ற பொதுவான நம்பிக்கை தவறாகவே இருக்கிறது. உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கட்டுரையின்படி, மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால்பொருள்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் காரணமாக இருந்தன. நாய்களுக்கு அதிகமாகக் கொடுக்கப்படும் பொருள்களே இப்பட்டியலின் முன்வரிசையில் இருப்பதைக் கவனிக்கலாம். இத்தனை ஆண்டுகளாக இதைத்தானே சாப்பிட்டது என்று எதையும் விலக்கிவிட முடியாது. பழகிய உணவுக்கும் ஒவ்வாமை தோன்றும்.

இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாகச் சொல்லும் சோதனைகளை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒவ்வாமையே இல்லாத நாய்களுக்கும் அவை ஒவ்வாமை இருப்பதாகக் காட்டுகின்றன. நம்பத்தக்க ஒரே வழி விலக்கு உணவுச் சோதனை.

அதற்கு முன், நாய் இதுவரை சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள்: உணவுப் பைகள், தின்பண்டங்கள், மென்று விளையாடக் கொடுத்தவை, மேசையிலிருந்து விழுந்தவை, மாத்திரையைச் சுற்றிக் கொடுத்த பாலாடைக்கட்டி என எதையும் விடாமல். இந்தப் பட்டியலை வைத்து மருத்துவர் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார். ஒன்று, நாய் இதுவரை உண்டிராத ஒரே ஒரு புரதமும் ஒரே ஒரு மாவுப்பொருளும் கொண்ட உணவு. மற்றொன்று, ஹைட்ரோலைஸ்டு உணவு. இதில் புரதம் மிகச் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டிருப்பதால் நாயின் நோயெதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் அதை அடையாளம் காணாது. பல இறைச்சிகளையும் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்ட நாய்க்குப் பின்னதே பொருத்தமாக இருக்கும். மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆட்டிறைச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், ‘புதிய’ புரதத்தை நாமாகவே முடிவு செய்வது சரியாக வராது.

கடைகளில் கிடைக்கும் ‘குறைந்த உட்பொருள்’ உணவுகளைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. பட்டியலில் இல்லாத இறைச்சிப் புரதங்கள் அவற்றில் பலவற்றில் கலந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஒரே இயந்திரத்தில் பல உணவுகள் தயாராவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சோதனைக்கென்றே தனிக் கவனத்துடன் தயாராகும் மருத்துவ உணவு விலை கூடியது என்றாலும், அந்தச் செலவு சோதனைக் காலத்துக்கு மட்டுமே.

சோதனை குறைந்தது 8 வாரங்கள் நடக்க வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தக் கால அளவுக்குள் தேறிவிடுகின்றன; 3 வாரத்தில் பலனில்லை என்று நிறுத்தினால் பலவற்றைத் தவறவிட்டுவிடுவோம். இந்தக் காலத்தில் அந்த ஓர் உணவையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது. சுவையூட்டிய பூச்சி மாத்திரை, இறைச்சி மணமுள்ள பற்பசை, ஜெலட்டின் உறை, பூனையின் கிண்ணம், குழந்தை சிந்திய பிஸ்கட் ஆகியவைதான் சோதனையைக் கெடுப்பவை. பயிற்சிக்குப் பரிசு தேவையென்றால் அதே உணவின் உருண்டைகளையே எடுத்துக் கொடுக்கலாம். வீட்டில் உள்ள எல்லோரும், வந்துபோகும் விருந்தினர் உட்பட, இதை அறிந்திருக்க வேண்டும். அன்பினால் கொடுக்கும் ஒரு துண்டு பல வாரப் பொறுமையைப் பாழாக்கிவிடும். அரிப்பை அடக்கும் மருந்துகள் பலனை மறைத்துவிடும் என்பதால், அவற்றை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரிப்பு நின்றுவிட்டதாலேயே உணவு ஒவ்வாமை உறுதியாகிவிடாது. பருவம் மாறியதாலும் நின்றிருக்கலாம். பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு வழக்கமாக 2 வாரங்களுக்குள் திரும்பும், திரும்பினால் உறுதி. உடனே விலக்கு உணவுக்கு மாறி, நாய் தேறிய பிறகு கோழி, மாட்டிறைச்சி, கோதுமை என ஒவ்வொன்றாக 2 வாரம் சேர்த்துப் பார்த்தால், குற்றவாளி எது என்பது தெரிந்துவிடும். நலமடைந்த நாயை மறுபடி சொறிய விடுவதற்கு மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் படியைத் தாண்டாமல் விட்டவர்கள், தேவையே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் விலையுயர்ந்த உணவையே வாங்க நேரிடலாம்.

இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் நிரந்தர உணவு, அந்தப் பொருளை விலக்கியதாகவும் முதலில் சொன்ன ‘முழுமையான, சமச்சீரான’ வரியைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். வீட்டிலேயே சமைத்துத் தர விரும்பினால், விலங்கு ஊட்டச்சத்தில் தேர்ந்த மருத்துவரிடம் செய்முறை எழுதி வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் கால்சியம், துத்தநாகம், சில வைட்டமின்கள் ஆகியவை போதாமல் இருப்பது வழக்கம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்ந்த இனிப்புகள் எந்த நாய்க்கும் ஆகாது.

எந்த உணவுக்கு மாறினாலும், பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக முழுவதும் மாற்ற வேண்டும். திடீரென மாற்றினால் வரும் வயிற்றுப்போக்கை ஒவ்வாமை என்று தவறாக எண்ண நேரும். உணவை வேறு டப்பாவில் கொட்டாமல் அதன் பையிலேயே வாயை இறுக மூடி வைத்தால், கொழுப்பு கெட்டு வாடை அடிப்பது தாமதப்படுவதோடு தொகுப்பு எண்ணும் கைவசம் இருக்கும். தயாரிப்பாளர்கள் பையின் தோற்றத்தை மாற்றாமலே செய்முறையை மாற்றுவதுண்டு. ஆகவே ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒவ்வொரு முறை புதிய பை வாங்கும்போதும், அதே உணவுதானே என்று இருந்துவிடாமல், உட்பொருள் பட்டியலைக் கடைசிச் சொல் வரை மறுபடியும் படியுங்கள்.