ஏற்காட்டுத் தோட்டத்துக்குப் பவர் வாங்கும்முன்

அண்ணன் சிங்கப்பூரில், காப்பித் தோட்டம் ஏற்காட்டில், பார்த்துக்கொள்வது சேலத்துத் தம்பி. இதற்குத்தான் பவர் பத்திரம்: தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது. கையில் வந்ததும் தோட்டமே தனக்கு வந்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பவர் மட்டும் எழுதி வாங்கினால் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் அடித்துச் சொல்லிவிட்டது.

வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். எழுதாத அதிகாரம் கிடையாது. ‘தோட்டத்தை நிர்வகிக்க’ என்று மட்டும் இருந்தால் மிளகு பறித்து விற்கலாம். அந்தக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தை வெட்டி விற்க அது போதாது. ‘விற்க’ என்பதோடும் நிற்கக் கூடாது: தொகை பெற, பத்திரத்தில் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்ய என்று தனித்தனியே வர வேண்டும். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை பிசகக் கூடாது. ஒரே வேலை என்றால் அதற்கு மட்டும் அதிகாரம் தரும் ஸ்பெஷல் பவர் போதும்.

தமிழ்நாட்டில் எழுதும் நிலப் பவரைச் சொத்து இருக்கும் எல்லையின் சார்பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும். சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் ஏறும். அண்ணன் அங்கேயே எழுதினால் இந்திய ஹை கமிஷனில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கே வந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். கூரியர் உறையைத் தூக்கிப்போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

சண்டை வருவது பெரும்பாலும் பணத்தில்தான். கிரயத் தொகை நேரே அண்ணன் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. கூலி, உரம், மிளகு வரவு எல்லாவற்றுக்கும் ரசீதோடு கணக்கு எழுதுங்கள். கேட்டால் காட்டியாக வேண்டும், ‘தம்பிதானே’ என்பது செல்லாது. அண்ணனிடம் முழு விவரமும் சொல்லிச் சம்மதம் வாங்காமல் உங்கள் மனைவி பெயருக்குக் கிரயம் செய்தால் அண்ணன் அதை ரத்து செய்யக் கேட்கலாம். பவரை நீங்களாக இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, பத்திரம் அனுமதித்தால் ஒழிய.

எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் அன்றே முடிந்தது. மறதி நோய் முற்றிய அப்பாவின் பழைய பவரை வைத்து விற்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பதிவின்போது எழுதிக் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். இறந்தது தெரிந்தும் கையெழுத்திட்டால் அது மோசடி வழக்கு. அண்ணனே பவரை ரத்து செய்வதானால், ரத்துப் பத்திரத்தைப் பதிந்து தம்பிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தோட்டத்துக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கும் ஒரு நகல்.