களப்பு முகத்துவாரத்தை உறிஞ்சு பம்பியால் ஆழப்படுத்தும் முறை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆழத்தில் குறையில்லை. கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. ஆனால் அதே மாவட்டத்தின் களப்பு முகத்துவாரங்களிலும் ஆற்று வாய்களிலும் நிலைமை வேறு. மழைவெள்ளம் வடிந்து ஓட்டம் குறைந்ததும் வாயில் மணல்திட்டு எழும்பிவிடுகிறது. சிறு படகுகூட எஞ்சினைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினால்தான் கடலுக்குப் போக முடிகிறது. மகாவலி கொண்டுவரும் மணல் மூதூர்ப் பக்கத்தில் செய்வதும் இதையே. இத்தகைய இடங்களுக்குச் சிறிய உறிஞ்சு அகழ்வு இயந்திரமே பொருத்தமானது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை, கடற்றொழில் சங்கங்களும் முதன்முறை இந்த வேலையைப் பொறுப்பேற்கும் இளம் தொழினுட்ப உத்தியோகத்தர்களும் பின்பற்றக்கூடிய முறையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த இயந்திரத்தைப் பற்றி முதலில் மனதில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: பம்பி நகர்த்துவது நீரை, மணல் அந்த நீரின் வேகத்தில் பயணம் செய்கிறது. வாளி இயந்திரம் மண்ணை அள்ளிக் கொட்டுகிறது. உறிஞ்சு இயந்திரத்திலோ மிதவையின் முன்புறம் இறங்கும் ஏணிச்சட்டத்தின் நுனியில் உள்ள வெட்டுத்தலை படுகையைக் கிளறிவிட, கிளறப்பட்ட மணலும் நீரும் சேர்ந்து உறிஞ்சு குழாய் வழியாகப் பம்பிக்குள் ஏறி, அங்கிருந்து மிதவைகள் தாங்கும் குழாய்வழியில் கரைக்குச் செல்கின்றன. நீரின் வேகம் குறைந்தால் மணல் அங்கேயே இருந்துவிடும். இந்த வேலையில் நான் கண்ட பெரும்பாலான பழுதுகள் இந்த உண்மையை மறந்ததால் வந்தவையே.

இயந்திரத்தை வாடகைக்குப் பேசுவதற்கு முன்னர் மண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல பீவீசி குழாய் ஒன்றை, ஆழப்படுத்த நினைக்கும் அளவுக்கு மேலும் அரை மீற்றர் செல்லுமாறு படுகைக்குள் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தால், மண் அடுக்கடுக்காக அப்படியே வெளியே வரும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடியை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, அந்த இடத்து நீரையே ஒரு சாண் உயரத்துக்கு ஊற்றிக் குலுக்கி வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். பத்து நிமிடம் வரையில் மெல்லப் படிவது வண்டல். அதன் பின்னரும் கலங்கலாக நிற்பது களி. கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம். உப்புநீரில் களித்துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி விரைவாகப் படியும் என்பதால், நன்னீர்ப் போத்தல் காட்டும் நேரம் களப்புக்குப் பொருந்தாது. இந்தச் சோதனைக்கு அரை நாளும் ஆகாது. ஆனால் வெட்டுத்தலை தேவையா, குழாயில் எவ்வளவு வேகம் வேண்டும், வெளிவரும் கலவை தெளியக் கரையில் எவ்வளவு பெரிய தேக்கம் கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் போத்தலில்தான் இருக்கிறது.

நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வரையிலான கரையில் வேலை செய்வோர் மண்ணின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். புல்மோட்டைக் கறுப்பு மணலில் மிகுதியாக உள்ள இல்மனைற்று என்னும் கனிமம், நீரைப்போல நான்கரை மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது; சாதாரண மணலோ 2.65 மடங்குதான். ஒரே பருமனுள்ள மணிகளை ஒப்பிட்டால், கறுப்பு மணலைக் குழாயில் படியவிடாமல் கொண்டுபோகச் சாதாரண மணலுக்கு வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு வேகம் தேவைப்படும். குழாயில் ஏறும் மண்ணில் கறுப்பு வரிகள் கணிசமாகத் தெரிந்தால், நீளமான குழாய்வழியைத் திட்டமிடாதீர்கள்.

அடுத்தது கனவளவு. இங்கே கணக்கு தவறுவது பக்கச்சரிவுகளில்தான். 200 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலமுள்ள ஒரு வழியை 1.2 மீற்றர் ஆழப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 3,600 கன மீற்றர். ஆனால் நீருக்கடியில் மணல் சுவர்போல நிற்காது. ஒன்றுக்கு ஐந்து என்ற சரிவில், அதாவது ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஐந்து மீற்றர் அகலமாக, அது உட்கார்ந்துவிடும். இரு பக்கச் சரிவுகளையும் சேர்த்தால் மேலும் 1,440 கன மீற்றர் வருகிறது. மொத்தம் 5,040. ஒப்பந்தத்தில் 3,600 என்று எழுதிவிட்டு வேலைக்கு வந்த ஒருவர் பணம் முடிந்த நாளில் போய்விடுவார். சரிவு மணல் நடுவில் இறங்கி, வெட்டிய வழி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும்.

ஆழத்தை அளக்க, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் அளக்கும் எதிரொலிமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அளவு குறித்த கம்பின் அடியில் அகலமான பலகையைப் பொருத்தி, ஐந்து மீற்றருக்கு ஒருமுறை குறுக்குக்கோடுகளில் அளந்து செல்லுங்கள். பலகை இல்லாத கம்பு சேற்றில் புதைந்து, இல்லாத ஆழத்தைக் காட்டும். எல்லா அளவுகளையும் கரையில் நட்ட ஒரே நிலைக்குறியுடன் ஒப்பிட்டு எழுத வேண்டும். எமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆயினும் 1.2 மீற்றர் ஆழப்படுத்தும் வேலையில் அதுவும் பெரிய பிழையாகிவிடும்.

வழி செல்லும் கோட்டினை வரைபடத்தில் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஒரு தடவை நாங்கள் முளை அடித்துக்கொண்டிருந்தபோது, கரைவலைச் சம்மாட்டி ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, வெள்ளம் ஒவ்வொரு வருசமும் அந்த மூலையாலதான் வெட்டிக்கொண்டு போகும், நீங்க இங்கால தோண்டுறீங்க" என்றார். கோட்டினை அவர் காட்டிய பக்கத்துக்கு முப்பது மீற்றர் நகர்த்தினோம். நீரோட்டம் தானாகத் தேடும் வழியில் வெட்டினால், மாரி வெள்ளமே அதைத் திறந்து வைத்திருக்க உதவும்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்கீழ், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலோடு தொடுக்கப்பட்ட களப்புகளும் ஆற்று வாய்களும் இதற்குள் வருகின்றன. எனவே கரையோரம் பேணல், கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கன மீற்றர்கூட எடுக்கக் கூடாது. எடுத்த மணலை விற்க எண்ணினால், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமமும் வேண்டும். துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக அதிகாரசபையையும் அணுக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை இந்த ஊருக்கே உரியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. அதன் பின்னர் நீண்ட உள்நாட்டுப் போரும் நடந்தது. படுகைக்குள் வெடிக்காத பொருள்கள் கிடக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, வேலைக்கு முன்னர் கடற்படையிடம் அறிவித்து உலோகச் சோதனை செய்விக்க வேண்டும். உறிஞ்சு வாயில் இரும்புக் கம்பி வலைச்சட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். வெட்டுத்தலை கனமான உலோகத்தில் மோதிய ஓசை கேட்டால், ஏணிச்சட்டத்தை உயர்த்திப் பார்க்க அவசரப்படாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களைக் கரைக்கு அனுப்பிவிட்டுத் தகவல் கொடுங்கள்.

இனிப் பம்பி. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீற்றர் உயர நீர்நிரலுக்குச் சமமானது. உறிஞ்சு குழாயில் கலவை ஏறுவது அந்த அழுத்தம் தள்ளுவதால்தான். எவ்வளவு வலிய எஞ்சினைப் பூட்டினாலும் இந்த 10 மீற்றரைக் கூட்ட முடியாது. பம்பியை மிதவையின் மேல்தட்டில் உயர்த்தி வைத்தால், அந்த உயரம் முழுவதும் இதிலிருந்து கழிந்துபோகும். ஆகவே பம்பி நீர்மட்டத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். உறிஞ்சு குழாய் குறுகிய நீளமும், வெளியேற்று குழாயைவிடச் சற்றுப் பெரிய விட்டமும் உடையதாக இருப்பது நல்லது. உறிஞ்சு பக்கத்து மூட்டுகளின் றப்பர் வளையங்களை நாள்தோறும் பாருங்கள். அங்கே உள்ள சிறு ஓட்டையில் நீர் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாமலே உற்பத்தி பாதியாகிவிடும்.

எட்டு அங்குல, அதாவது 20 சென்ரிமீற்றர் குழாய்க்கு நடுத்தர மணலின் வரம்பு வேகம் செக்கனுக்கு 3.3 மீற்றர் அளவில் வருகிறது. அதற்குக் கீழே மணல் குழாயின் அடியில் படுக்கத் தொடங்கும். ஆகவே 3.5 மீற்றர் வேகத்தை வைத்துக்கொள்வோம். அப்போது மணிக்கு 396 கன மீற்றர் கலவை போகும். அதில் படுகை மணலின் பங்கு 15 சதவீதம் என்றால், மணிக்கு ஏறத்தாழ 60 கன மீற்றர் மணல். மேலே சொன்ன 5,040 கன மீற்றருக்கு 84 மணிநேரம். நாளொன்றுக்கு உண்மையாகப் பம்பி மணல் தள்ளுவது ஆறு மணிநேரம் என்று கொண்டால் 14 நாட்கள். "இன்னும் சிறிய குழாய் போட்டால் செலவு குறையும்" என்பவர்களும், அதே பம்பிக்குப் பெரிய குழாய் பூட்டினால் கூடுதலாகப் போகும் என்பவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பெரிய குழாயில் வேகம் விழுந்து மணல் படியும். இந்த வேகத்தில் 100 மீற்றர் நேர்க்குழாயில் வெறும் நீருக்கே ஏறத்தாழ 5 மீற்றர் அழுத்த உயரம் உராய்வில் இழக்கப்படுகிறது. மணல் கலந்தால் அது இன்னும் கூடும். எனவே குழாய்வழியை முடிந்தவரை நேராகவும் குறுகியதாகவும் இடுங்கள்.

தொடங்கும் ஒழுங்கு இது. முதலில் பம்பியின் அச்சுத்தண்டுப் பொதியுறைக்கு, அதாவது தண்டு பம்பிக் கூட்டுக்குள் நுழையும் இடத்து அடைப்புக்கு, தூய நீரைத் திறந்துவிட வேண்டும். அந்த நீரின் அழுத்தம் பம்பிக்குள் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் மணல் தண்டை அரிக்காது. பிறகு பம்பிக் கூட்டை நீரால் நிரப்பி, காற்றை வெளியேற்றி, உறிஞ்சு வாயைப் படுகைக்கு மேலே பிடித்தபடி வெறும் நீரை ஓட விடுங்கள். குழாயின் மறுமுனையில் தெளிந்த நீர் முழுவாயாக விழுவதைக் கரையில் நிற்பவர் கைகாட்டிய பின்னரே ஏணிச்சட்டத்தை இறக்க வேண்டும். மிதவையிலிருந்து படுகையில் ஊன்றி நிற்கும் பின்புற ஊன்றுதூணை மையமாகக் கொண்டு, இரு பக்க நங்கூரக் கம்பிகளை மாறிமாறி இழுத்து, மிதவை வில்போல வீசி வெட்டும். ஒரு வீச்சில் அதிகம் எடுக்க ஆசைப்பட்டு ஆழமாகக் குத்தினால், மேலே உள்ள மணல் சரிந்து வாயைப் புதைத்துவிடும்.

ஒப்பரேட்டரின் கண் இரண்டு மானிகளில் இருக்க வேண்டும்: உறிஞ்சு பக்கத்து வெற்றிடமானி, வெளியேற்று பக்கத்து அழுத்தமானி. வெற்றிடமானி ஏறி அழுத்தமானி இறங்கினால் உறிஞ்சு பக்கம் அடைக்கிறது. ஏணிச்சட்டத்தை உடனே சற்று உயர்த்துங்கள். வெற்றிடமானி இறங்கி அழுத்தமானி ஏறினால் வெளியேற்று குழாயில் மணல் படிகிறது. இது ஆபத்தானது, மணல் எடுப்பதை விட்டு வெறும் நீரைத் தள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கலவை தடித்திருக்கிறது. வீச்சைச் சற்று மெதுவாக்கினால் போதும். நல்ல ஒப்பரேட்டர் மானியைப் பார்க்குமுன் காதால் அறிவார்: சீரான சரசரப்பு மணல், கடகடவென்ற ஓசை சிப்பியும் கல்லும், சரளை உருள்வதுபோன்ற வெடிப்போசையோடு அதிர்வும் வந்தால் அது வெற்றிடக் குமிழ்கள் பம்பிக்குள் சுழலும் இம்பெல்லரைத் தின்னும் ஓசை.

நிறுத்தும் ஒழுங்கைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். ஏணிச்சட்டத்தை உயர்த்தி, குழாய்வழி முழுவதும் கழுவப்படும்வரை வெறும் நீரை ஓட்டிய பிறகே பம்பியை நிறுத்த வேண்டும். 300 மீற்றர் குழாயில் 3.5 மீற்றர் வேகத்தில் நீர் மறுமுனையை அடைய ஒன்றரை நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். நான் பணியாற்றிய ஒரு தளத்தில் மாலை நேரத்தில் டீசல் தீர்ந்து, மணல் நிறைந்த நிலையில் எஞ்சின் நின்றுவிட்டது. காலையில் குழாயைத் தட்டினோம்; வெறுங்குழாயின் ஓசை வரவில்லை, மரக்கட்டையைத் தட்டியதுபோல இருந்தது. கரையில் மேட்டை ஏறும் வளைவில் மணல் முழுவாயாக இறுகியிருந்தது. பூட்டாணி பூட்டாணியாகக் கழற்றி, ஆறு மீற்றர்த் துண்டு ஒவ்வொன்றையும் சாய்த்து, மெல்லிய குழாயால் நீர் பாய்ச்சிக் கழுவி முடிக்க மூன்று நாள் ஆனது. அன்றிலிருந்து, தொட்டியில் கால்பங்கு டீசல் இருக்கும்போதே கழுவத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

கரையில் நீர் கொட்டும் இடமும் இயந்திரத்தின் ஒரு பகுதிதான். கலவையை வெறுமனே கரையில் விட்டால் சேற்றுநீர் களப்புக்கே திரும்பி, கடற்புல்லையும் இறால் குஞ்சு வளரும் இடத்தையும் மூடும். வரம்பு கட்டிய தேக்கத்தில் விட்டு, மேல்நீர் மட்டும் மறுமுனையால் வழிய விட வேண்டும். 0.02 மில்லிமீற்றர் வண்டல் செக்கனுக்கு 0.4 மில்லிமீற்றர் அளவில் படியும்; எங்கள் எட்டு அங்குலக் குழாயின் நீருக்கு 275 சதுர மீற்றர் பரப்பு கணக்கில் போதும் என்றாலும், காற்றும் சுழிப்பும் இருப்பதால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கட்டுங்கள். களி மிகுந்த இடமானால் அதுவும் போதாது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றிய முருகைக்கற்கள் கலங்கல் தாங்காதவை. ஓட்டம் அத்திசையில் இருக்கும் நாளில் வேலையை நிறுத்துவதே சரி.

காலம் தெரிவதில் தவறக் கூடாது. வாடைக்காற்றில் கடல் குமுறும்போது ஊன்றுதூண் நிற்காது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் தொடங்கி, ஒக்டோபர் மழைக்கு முன்னர் முடிப்பது நல்லது. முடித்த அன்றே, தொடக்கத்தில் அளந்த அதே கோடுகளில், அதே நிலைக்குறியிலிருந்து மீண்டும் அளந்து பணம் கொடுங்கள். இரு ஓரங்களிலும் கம்பு நட்டுக் கொடி கட்டுங்கள். மாரி முடிந்து வெள்ளம் வடிந்ததும், அதே கம்பையும் பலகையையும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை அளந்து, அந்த அளவுகளைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வையுங்கள்; எவ்வளவு மணல் திரும்பி வந்தது, எந்தப் பக்கத்தால் வந்தது என்பது தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு எங்கே, எவ்வளவு வெட்டுவது என்று கணக்கிட முடியும்.